வயல் வேலை ஓய்ந்தபோது திறந்த பள்ளிகள்



ஆண்டுத் தேர்வுகள் முடிந்து புத்தகப் பைகள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. இந்நாட்களில் ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கையில், பெற்றோர் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. "ஐயா, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகள் படித்ததையெல்லாம் மறந்துவிடுவார்களே, என்ன செய்வது?" பிள்ளைகளின் வருங்காலத்தைக் குறித்த கரிசனை அக்கேள்வியில் இருக்கிறது. பணம் கட்டிக் கோடை வகுப்பில் சேர்க்க இயலாத பெற்றோரின் மனச்சுமையும் சில வேளைகளில் அதற்குள் மறைந்திருக்கிறது.

இக்கவலை வீணான கவலையன்று. 1996ஆம் ஆண்டில் ஹாரிஸ் கூப்பர் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், கோடை விடுமுறையைப் பற்றி நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். விடுமுறைக்குப் பின் பிள்ளைகளின் தேர்ச்சி சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்கியிருந்ததை அவர்கள் கண்டார்கள். கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் அந்த இழப்பு அதிகமாயிருந்தது. வாசிப்பில் மட்டும் வேறொரு உண்மை வெளிப்பட்டது. வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் விடுமுறையில் சற்று முன்னேறியிருந்தார்கள். வறிய குடும்பங்களின் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். பள்ளியின் கதவு மூடியபின் ஒரு பிள்ளைக்கு வீட்டில் என்ன கிடைக்கிறது என்பதே அங்கே தெரியவருகிறது.

இரண்டு மாத விடுமுறைக்கே நாம் இவ்வளவு கலங்குகிறோம். ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே பள்ளி, மீதி ஒன்பது மாதமும் விடுமுறை என்ற நிலையில் ஒரு தேசமே வாசிக்கக் கற்றுக்கொண்டதென்றால் நம்புவீர்களா? 18ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் தேசத்தில் அது நடந்தது. அதை நடத்தியவர் ஒரு கிராமத்துப் போதகர். அந்த வரலாற்றை இவ்வாரத் தியானமாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தரங்கம்பாடிக்கு வராமற்போன ஒருவர்

1706ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பர்த்தலோமேயு சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கியதை நாம் அறிவோம். டென்மார்க்கு அரசர் அனுப்பிய அந்த ஊழியத்திற்கு இங்கிலாந்தில் இருந்த ஒரு சங்கமும் கைகொடுத்தது. எஸ்.பி.சி.கே. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம் அது. அச்சு இயந்திரத்தையும் காகிதத்தையும் அனுப்பி, தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறுவதற்கு அச்சங்கம் துணைநின்றது. அதோடு, தரங்கம்பாடிக்கு அனுப்பத்தக்க ஊழியர்களையும் அது தேடிக்கொண்டிருந்தது.

1713ஆம் ஆண்டளவில் அச்சங்கத்தின் பார்வை ஓர் இளம் குருவின்மேல் விழுந்தது. அவர் பெயர் கிரிஃபித் ஜோன்ஸ். 1684இல் வேல்ஸ் தேசத்தின் மேற்கிலுள்ள கார்மார்தன் வட்டாரத்தில் பிறந்தவர். சிறுவயதில் ஆடு மேய்த்தவர். ஆஸ்துமா நோயால் வாழ்நாளெல்லாம் துன்புற்றவர். தரங்கம்பாடிக்குச் செல்லும் எண்ணத்தை அவர் நெடுநாள் மனதில் வைத்து ஜெபித்தார். முடிவில் வேண்டாமென்று மறுத்துவிட்டார். தம் சொந்த ஜனங்கள் கிடந்த அறியாமை இருளே அவரைத் தடுத்து நிறுத்தியது.

நம் கடற்கரைக்கு வந்திருக்கவேண்டிய ஒருவர் வராமற்போனது நமக்கு நஷ்டம் என்று தோன்றலாம். தேவன் அந்த மறுப்பையும் வேறொரு வழியாய் நம்மிடமே திருப்பி அனுப்பினார். அது எவ்வாறு என்பதைப் பின்னர் காண்போம்.

வெட்கம் என்னும் பூட்டு

1716ஆம் ஆண்டில் ஜோன்ஸ் லான்தௌரர் என்னும் சிற்றூரின் குருவானார். திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமையில் ஜனங்களைக் கூட்டி, வேதபாடத்தைக் குறித்தும் விசுவாசப் பிரமாணத்தைக் குறித்தும் எளிய கேள்விகளைக் கேட்பது அவருடைய வழக்கம். அங்கே ஒன்றைக் கவனித்தார். யாருக்குப் போதனை அதிகம் தேவைப்பட்டதோ, அவர்களே வரவில்லை. நடுவயது கடந்தவர்கள், தங்கள் அறியாமை ஊரார்முன் வெளிப்பட்டுவிடுமே என்று வெட்கி ஒதுங்கிக்கொண்டார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்குப் பிரசங்கம் மட்டும் போதாது என்று ஜோன்ஸ் உணர்ந்தார். கேட்டது காற்றோடு போய்விடுகிறது. வீட்டுக்குப் போனபின் அதைத் திரும்பப் பார்க்க அவனுக்கு வழியில்லை.

பள்ளிகளே இல்லாத நாடென்று வேல்ஸைச் சொல்லிவிட முடியாது. தர்மப் பள்ளிகள் பல இருந்தன. அவை பெரிதும் கனி கொடாமற்போனதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, பெரும்பாலான பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. பிள்ளைகளோ வீட்டில் வேல்ஷ் மொழி மட்டுமே பேசினார்கள். பொருள் விளங்காத சொற்களை உச்சரித்தே அவர்களுடைய மாதங்கள் கழிந்தன. இரண்டாவது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வயலில் வேலை இருந்தது. விதைப்பும் அறுப்பும் வந்தால் பள்ளி இருக்கை காலியாகிவிடும். பள்ளியின் நாட்காட்டி ஒரு பக்கம் ஓட, ஏழையின் நாட்காட்டி வேறொரு பக்கம் ஓடிற்று.

ஜோன்ஸ் ஜனங்களின் நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அறுப்பு முடிந்து வயல் வேலை ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் பள்ளியைத் திறப்பது; பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைப்பதற்குப் பதிலாகப் பள்ளியையே ஊர் ஊராய் அனுப்புவது; தாய்மொழியிலேயே கற்பிப்பது; வாசிப்பு என்னும் ஒன்றை மட்டும் கற்பிப்பது. 1731ஆம் ஆண்டில் இத்திட்டத்தைக் குறித்து எஸ்.பி.சி.கே. சங்கத்துக்கு எழுதினார். சுற்றிவரும் பள்ளிகள் என்று பின்னாளில் பெயர்பெற்ற இயக்கம் அவ்வாறு தொடங்கிற்று.

பள்ளி நடந்த விதம்

ஒரு பள்ளி ஓர் ஊரில் மூன்று மாத அளவில் நடைபெறும். ஆலயமோ, குடிசையோ, தானியக் களஞ்சியமோ, கிடைத்த இடமே வகுப்பறை. ஜோன்ஸிடம் சில வாரங்கள் பயிற்சி பெற்ற எளிய மனிதர்களே ஆசிரியர்கள். அவர்களுக்குக் கிடைத்த ஊதியம் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு பவுண்டு மாத்திரமே. வேதாகமமும் ஞானோபதேசமுமே பாடநூல்கள். எழுத்தும் கணக்கும் அங்கே கற்பிக்கப்படவில்லை. கிடைத்த கொஞ்ச நாட்களில் ஒரு காரியத்தையாவது உறுதியாய்ச் செய்து முடிக்கவேண்டும் என்பதில் ஜோன்ஸ் கண்டிப்பாயிருந்தார். தாய்மொழியில் மூன்று மாதத்தில் வாசிக்கப் பழகிவிடுகிறவனுக்கு, அறியாத மொழியில் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பது அவருடைய வாதம்.

பகலில் வர இயலாதவர்களுக்கு ஆசிரியர்கள் இரவிலும் சில மணி நேரம் கற்பித்தார்கள். அங்கே வந்தவர்கள் யார்? ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயது முதியவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தார்கள். பெரும்பாலான பள்ளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் வயதுவந்தவர்கள் என்று ஜோன்ஸ் தம் ஆண்டறிக்கையில் பதிவுசெய்திருக்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வர வெட்கப்பட்ட அதே ஜனங்கள், தங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினார்கள். வெட்கம் என்னும் பூட்டு அங்கே திறந்தது.

1737ஆம் ஆண்டில் 37 பள்ளிகளில் சுமார் 2,400 பேர் கற்றார்கள். 1761ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜோன்ஸ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, அதுவரை நடந்திருந்த பள்ளிகள் மூவாயிரத்துக்கும் மேல். பகல் மாணவர்களாய்ப் பதிவானவர்கள் மட்டும் 1,50,000க்கும் மேல். இரவில் வந்தவர்கள் அக்கணக்கில் சேரவில்லை. அன்றைய வேல்ஸ் தேசத்தின் மக்கள்தொகை 5,00,000ஐ எட்டியிருக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆசிரியர் போனபின் என்ன நடந்தது?

நம் கேள்விக்குரிய பகுதி இதுதான். மூன்று மாதம் முடிந்தது. ஆசிரியர் தம் மூட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். களஞ்சியத்தில் மறுபடியும் தானியம் குவிந்தது. கற்ற எழுத்துகள் மறந்துபோகாதபடி காத்தது எது?

மூன்று காரியங்கள் எனக்குத் தென்படுகின்றன.

முதலாவது, வீட்டில் புத்தகம் இருந்தது. வாசிக்கக் கற்றவனின் கையில் வேதாகமம் இல்லாவிட்டால் அந்தக் கல்வி நிலைக்காதென்று ஜோன்ஸ் அறிந்திருந்தார். அவர் இடைவிடாது வேண்டிக்கொண்டதன் பயனாக, எஸ்.பி.சி.கே. சங்கம் 1746ஆம் ஆண்டில் வேல்ஷ் வேதாகமத்தை 15,000 பிரதிகள் அச்சிட்டு மலிவாய்க் கிடைக்கச் செய்தது.

இரண்டாவது, வீட்டில் துணை இருந்தது. பிள்ளையோடு தகப்பனும் தாயும் கற்றபடியால், ஆசிரியர் போனபின்னும் பிள்ளை வாசிப்பதைக் கேட்கவும், தவறினால் திருத்தவும் ஒருவர் வீட்டில் இருந்தார். பெரியவர்களுக்குக் கற்பித்தது பெரியவர்களுக்காக மட்டும் அன்று. பிள்ளைகளின் ஒன்பது மாத விடுமுறைக்கு ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தியதும் அதுவே.

மூன்றாவது, வாசிப்புக்கு வாரந்தோறும் ஓர் உபயோகம் இருந்தது. ஞாயிறு ஆராதனையில் குருவானவர் வாசிக்கும் அதிகாரத்தைத் தானும் தொடர்ந்து வாசிக்க முடிந்தது. பயன்படுகிற கல்வியை யாரும் எளிதில் மறப்பதில்லை.

இதற்கு ஒரு சிறுமியின் சரித்திரம் சாட்சி. ஆனால் அதற்குமுன் ஒரு துயரத்தையும் சொல்லவேண்டும். ஜோன்ஸுக்குப் பின் இப்பள்ளிகளைத் தாங்கி நடத்தியவர் பிரிட்ஜெட் பெவன் என்னும் செல்வச் சீமாட்டி. 1779இல் அவர் மறைந்தபோது 10,000 பவுண்டைப் பள்ளிகளுக்கென்று எழுதிவைத்தார். அந்த உயிலை எதிர்த்து வழக்கு எழுந்தது. பணம் சுமார் முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் முடங்கிற்று. ஆசிரியர்களுக்கு ஊதியமில்லை. பள்ளிகள் மூடப்பட்டன. பல்லாயிரம் பேருக்கு வாசிக்கக் கற்பித்த ஓர் இயக்கம், ஒரே ஒரு பணப்பெட்டியைச் சார்ந்திருந்தபடியால் அவ்வாறு நின்றுபோயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின் பாலா என்னும் ஊரைச் சேர்ந்த தாமஸ் சார்லஸ் ஐயர் அந்தச் சுற்றுப்பள்ளிகளை மறுபடியும் எழுப்பினார். அவற்றுள் ஒன்றில் நெசவாளி ஒருவரின் மகளான மேரி ஜோன்ஸ் வாசிக்கக் கற்றாள். கிரிஃபித் ஜோன்ஸுக்கு அவள் உறவினள் அல்லள். ஜோன்ஸ் என்பது அந்நாட்டில் பலருக்கும் உள்ள பெயர். அவளுடைய வீட்டில் வேதாகமம் இல்லை. பள்ளியில் பெற்ற வாசிப்பை இழந்துவிடாதபடி, ஏறத்தாழ இரண்டு மைல் தொலைவிலிருந்த ஒரு பண்ணை வீட்டுக்கு நடந்துசென்று, அங்கிருந்த வேதாகமத்தை வாசித்துத் திரும்புவாள் என்று அவளுடைய சரித்திரம் சொல்லுகிறது. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1800ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், ஏறக்குறைய 25 மைல் நடந்து பாலாவுக்குப் போய், சார்லஸ் ஐயரிடத்தில் தனக்கென ஒரு வேதாகமத்தைப் பெற்றுக்கொண்டாள்.

வேல்ஷ் வேதாகமங்களுக்கு இருந்த தட்டுப்பாட்டைச் சார்லஸ் ஐயர் லண்டனில் எடுத்துரைத்தார். அந்த முயற்சியின் கனியாக 1804ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மற்றும் அயல்நாட்டு வேதாகமச் சங்கம் தோன்றிற்று. அதன் கிளை 1820இல் சென்னையில் அமைந்தது. அச்சங்கத்தின் ஆதரவில் ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் திருத்தப்பட்ட தமிழ் மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. இன்று நம் ஆலயத்தில் வாசிக்கப்படும் வேதாகமம் அதன் வழிவந்ததே.

1713இல் தரங்கம்பாடிக்கு வர மறுத்தவருடைய உழைப்பு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ் வேதாகமமாய் நம் வீடுகளுக்கு வந்துசேர்ந்தது. கர்த்தருடைய வழிகள் ஆச்சரியமானவை.

கையிலிருக்கும் வேதாகமமும் வாசிக்க இயலாத பிள்ளையும்

இவ்வரலாறு நம் கோடைக்காலத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது.

வேல்ஸ் நாட்டு ஏழைகளுக்கு வேதாகமம் கிடைப்பதே அரிதாயிருந்தது. நம் வீடுகளிலோ வேதாகமங்கள் ஒன்றுக்கு மூன்றாய் இருக்கின்றன. ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளையை எழுப்பி, மாற்கு சுவிசேஷத்தில் ஐந்து வசனம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில வழியில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை தமிழில் ஒவ்வோர் எழுத்தாய்த் தடவித் தடவிப் போவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஞானப்பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிற வாலிபர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களைக் குறைகூற நான் இதை எழுதவில்லை. பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும்; அதைக் கற்கட்டும். ஆனாலும் பாட்டி ஜெபிக்கிற மொழியில் பேரப்பிள்ளை வாசிக்க இயலாத நாள் வந்தால், அந்தக் குடும்பத்தில் விசுவாசத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் பாலம் ஒன்று உடைந்துபோகும். பள்ளி அதைக் கட்டித்தராது. பள்ளி நாட்களில் நமக்கும் நேரமில்லை. இந்தக் கோடையை விட்டால் வேறு காலம் எது?

உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி மோசே நான்கு வேளைகளைக் குறிப்பிடுகிறார்: வீட்டிலிருக்கும் வேளை, வழிநடக்கும் வேளை, படுக்கும் வேளை, எழுந்திருக்கும் வேளை. நான்கும் விடுமுறையில் நமக்கு நிறையக் கிடைக்கிற வேளைகள்!

ஜோன்ஸின் பள்ளிகளிலிருந்து நாம் கற்றுச் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லுகிறேன்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஓவியம், நீச்சல், கணினி, சதுரங்கம் என்று எட்டு வகுப்புகளில் சேர்த்துப் பிள்ளையைக் களைப்படையச் செய்யவேண்டாம். நாளொன்றுக்கு இருபது நிமிடம், சத்தமாய், தமிழில் வாசிக்கச் செய்யுங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள், லூக்காவில் 24. நாளுக்கு ஓர் அதிகாரமாக நாற்பது நாளில் இரண்டு சுவிசேஷங்களையும் முடித்துவிடலாம். ஒரு வசனம் நீங்கள், ஒரு வசனம் பிள்ளை என்று மாறி மாறி வாசியுங்கள். தடுமாறினால் கடிந்துகொள்ளாமல், அந்தச் சொல்லை நீங்கள் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

நீங்களும் கூட உட்காருங்கள். கையில் செல்பேசியை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படிக்கச் சொன்னால், பிள்ளை உங்கள் வாயைப் பார்க்காது, உங்கள் கையைப் பார்க்கும். சீகன்பால்க் ஐயரை நினைத்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்து நான்கையொட்டியிருந்தது. ஜெர்மனியில் இறையியல் கற்றவர். தமிழ் கற்பதற்காக, ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தும்படி வருவித்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். அந்த விரல்தான் சில ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுதிற்று. உங்களுக்கே தமிழ் வாசிப்பு தடுமாற்றமாயிருந்தால் வெட்கப்படவேண்டாம். பிள்ளையோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவர்களையே ஆசிரியராக்குங்கள். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் பேசும்போது, பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர்சொல்லி நினைவுகூருவது தற்செயலன்று.

கற்றதற்கு ஓர் உபயோகத்தைக் கொடுங்கள். எழுத்து மறக்காதிருக்க, வாரம் ஒருமுறை ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ, உடல்நலம் குன்றி ஆராதனைக்கு வர இயலாதிருக்கும் சபையாருக்கோ ஒரு கடிதம் எழுதச் செய்யுங்கள். கணக்கு மறக்காதிருக்க, மளிகைக் கடைச் சீட்டைப் பிள்ளையிடம் கொடுத்து மனக்கணக்காய்க் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மாதத்தின் பால் கணக்கையும் காய்கறிக் கணக்கையும் அவனே, அவளே எழுதிவரட்டும். குடும்ப ஜெபத்தில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பைப் பிள்ளைக்கே விட்டுக்கொடுங்கள்.

ஓய்வையும் விட்டுவைக்கவேண்டும். ஜோன்ஸ் ஜனங்களின் அறுப்புக் காலத்தைப் பறித்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய வாழ்க்கையின் தாளத்துக்குள் பள்ளியைப் பொருத்தினார். பிள்ளைக்கு விளையாட்டும் தேவன் தந்த ஈவுதான். இருபது நிமிடம் ஒழுங்காய் நடந்துவிட்டால், மாலை முழுவதும் தெருவில் பந்து விளையாடுகிறதைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

துணையில்லாத பிள்ளைகள்

கடைசியாக ஒன்று. இதுவே என் உள்ளத்தை அதிகமாய் நெருக்குகிறது.

மேலே சொன்னவையெல்லாம் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் நடக்கும். நம் சபையிலும் நம் தெருவிலும் விடியற்காலையில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய் இருட்டியபின் திரும்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏப்ரலும் மே மாதமும் பூட்டிய வீட்டுக்குள்ளோ, வெயில் தெருவிலோ கழிகின்றன. கூப்பரின் ஆய்வில் பின்தங்கியதாய்க் கண்ட பிள்ளைகள் இத்தகையவர்களே. நம் பிள்ளைக்கு இருபது நிமிடம் கொடுத்துவிட்டு, இவர்களை மறந்துவிடுவோமானால் ஜோன்ஸின் வரலாற்றை நாம் சரியாய் வாசிக்கவில்லை என்றே பொருள். அவருடைய பள்ளிகளில் ஒரு காசும் வாங்கப்படவில்லை.

நாம் ஆண்டுதோறும் நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே பிறந்தது. 1898ஆம் ஆண்டின் கோடையில் நியூயார்க் நகரின் நெருக்கடியான கிழக்குப் பகுதியில், பள்ளிகள் மூடியபின் தெருவில் அலைந்த பிள்ளைகளைக் கண்ட எலைசா ஹாஸ் அம்மையார், இடம் கிடைக்காமல் ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து அவர்களுக்கு வேதம் கற்பித்தார். 1901இல் ராபர்ட் போவில் ஐயர் அதே நகரில் அம்முயற்சியைப் பல இடங்களுக்கு விரிவாக்கினார். பாட்டும் கைவேலையுமாய் நாம் அதைப் பத்து நாளில் கொண்டாடி முடித்துவிடுகிறோம். பத்து நாள் நல்லது. மீதமுள்ள நாட்களில் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதையும் நாம் கேட்கவேண்டும்.

ஆகவே வருகிற திங்கட்கிழமை முதல், விடுமுறை முடியும்வரை, காலை 8 மணி முதல் 10 மணி வரை நம் ஆலயக் கூடம் வாசிப்புக்காகத் திறந்திருக்கும். சபைப் பிள்ளைகள் மட்டுமல்ல, எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, கல்லூரி விடுமுறையில் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வாரத்தில் ஒரு காலைப்பொழுதை நீங்கள் கொடுத்தால் போதும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் சிறுவர் கதைப் புத்தகங்களைக் கொண்டுவாருங்கள். பிரிட்ஜெட் பெவன் அம்மையாரின் உயில் நமக்குக் கற்பித்தபடி, ஒருவருடைய பணத்தை நம்பிய வேலை ஒரு நாள் நின்றுபோகும். பலருடைய கையால் நடக்கிற வேலை நிலைக்கும்.

ஜெபிப்போம். பரம பிதாவே, ஞானத்தில் வளர்ந்த உம்முடைய குமாரனை நாசரேத்தின் எளிய வீட்டில் வளரச் செய்தீர். எங்கள் வீடுகளையும் கற்கும் வீடுகளாக்கும். பிள்ளைகளோடு உட்காரும் பொறுமையை எங்களுக்குத் தாரும். துணையில்லாத பிள்ளைகளைக் காணும் கண்களையும் தாரும். இந்தக் கோடை வீணாய்ப் போகாதபடி ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.